சீம்பாலில் முதல் பங்கு கன்றுக்கே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சமையல் பகுதியில் அண்மையில் வெளிவந்த சீம்பால் திரட்டுக் குறிப்பை எங்கள் வீட்டுப் பெண்கள் ஆவலோடு படித்தார்கள். பனைவெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் சேர்த்து, பாத்திரத்தின் வாயைத் துணியால் கட்டி ஆவியில் வேகவைக்கும் அந்தப் பக்குவம், மியன்மாரின் பெகு வட்டாரத்தில் எங்கள் பாட்டிமார் செய்துவந்த முறையேதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. ஆனால், கன்று ஈன்றதும் முதன்முதலாகக் கறக்கும் பால்தான் நன்றாகத் திரளும் என்பதால் மாட்டுக்காரரிடம் அதையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்குறிப்பில் ஒரு வரி இருந்தது. அடுப்படிக் கணக்கில் அந்த வரி சரியானதே. தொழுவத்தில் அது கன்றின் உயிரைப் பறிக்கக்கூடிய யோசனை என்பதால், பல ஆண்டுகளாகக் கறவை மாடுகளோடு வாழ்ந்துவரும் ஒருவன் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதல் கறவை ஏன் அவ்வளவு கெட்டியாகத் திரளுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சாதாரணப் பசும்பாலில் புரதம் நூற்றுக்கு மூன்று அல்லது மூன்றரைப் பங்குதான் இருக்கும். ஈன்றவுடன் கறக்கும் சீம்பாலிலோ அது ஏறத்தாழ 14 பங்கு வரை போகும். அந்த அதிகப்படியான புரதத்தில் பெரும்பகுதி, தாய் தன் வாழ்நாளில் சந்தித்த நோய்களை எதிர்த்து நிற்பதற்காக அதன் உடம்பு உண்டாக்கிவைத்த எதிர்ப்புப் புரதமாகும். சூடு பட்டதும் அதுதான் முட்டையின் வெள்ளைக்கரு போல இறுகிக் கட்டியாகிறது. ஆகவே நம் தட்டில் துண்டு துண்டாக வந்து விழுகிற அந்தத் திரட்டு, கன்றின் இரத்தத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய காவல்தான். மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு கருப்பையிலேயே இரத்தத்தின் வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது. மாட்டுக்கு அந்த வழி இல்லை. அதன் நஞ்சுக்கொடியின் அமைப்பு அதற்கு இடம்கொடுப்பதில்லை. எனவே கன்று பிறக்கும்போது நோயை எதிர்க்க அதன் உடம்பில் அநேகமாக ஒன்றும் இருப்பதில்லை. இருக்கிற ஒரே வழி சீம்பால்தான்.

அந்த வழியும் வெகுநேரம் திறந்திருப்பதில்லை. பிறந்த முதல் சில மணி நேரம் மட்டும் கன்றின் குடல் இந்தப் புரதங்களைச் செரித்து உடைக்காமல், முழுதாகவே இரத்தத்துக்குள் விடுகிறது. ஆறு மணி நேரம் கடந்ததும் அந்தத் திறன் விரைவாகக் குறையத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு நாள் முடிவதற்குள் முற்றிலும் நின்றுவிடுகிறது. அதன்பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது வயிற்றை நிரப்புமே தவிர, இரத்தத்தில் சேராது. மறுபக்கம் மடியிலும் அதன் வீரியம் கறவைக்குக் கறவை குறைகிறது. இரண்டாவது கறவையில் எதிர்ப்புப் புரதம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், மூன்றாவதில் இன்னும் குறையும். காலையில் முதல் கறவையைச் செம்பில் வாங்கிக்கொண்டு போய்விட்டு, மிச்சத்தைக் கன்று குடித்துக்கொள்ளட்டும் என்று சொல்கிறவர்கள், சிறந்த பாலையும் சிறந்த நேரத்தையும் ஒருசேர எடுத்துக்கொண்டு போகிறார்கள். திடமான கன்று அந்த இழப்பைச் சில வேளை தாங்கிக்கொள்ளும். நோஞ்சானாகப் பிறந்த கன்றால் அது முடியாது.

நம் ஊரில் இதைத் தவிர்ப்பது கடினமான காரியமும் அன்று. ஈன்ற மாட்டின் பால் தேநீரில் திரிந்துவிடும் என்பதால் எந்தத் தேநீர்க் கடையும் முதல் சில நாள் பாலை வாங்குவதில்லை. அந்த நாட்களில், பாலை விசையில் (ஒரு விசை சுமார் 1.6 கிலோ) அளந்து கணக்கு எழுதும் பால்காரர்கூட நம் வாசலுக்கு வருவதில்லை. விற்க முடியாத பாலைக் கன்றிடமிருந்து பறித்துவைப்பதால் மாட்டுக்காரருக்கு என்ன லாபம்? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஈன்ற வீட்டுப் பாலைத் தீட்டு என்று சொல்லிப் பத்து நாள் வரை சாமிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். காரணம் அவர்கள் எதைச் சொன்னாலும் சரி, அந்தப் பத்து நாளும் பால் கன்றுக்கே போய்ச் சேர்ந்தது. இப்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. மாடு ஈன்றது தெரிந்ததும் தூக்குவாளியோடு வாசலில் வந்து நிற்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அவர்களுக்கு இல்லையென்று சொல்ல மாட்டுக்காரருக்கும் மனம் வருவதில்லை.

தூக்குவாளியைவிட அதிகமாகக் கெடுதல் செய்வது இன்னொரு பழக்கம். நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, விழும்வரை கன்றை மடியில் விடக்கூடாது என்று நம்மவர்களில் பலர் இன்றும் உறுதியாக நம்புகிறார்கள். அதற்கு முன்னால் ஊட்டவிட்டால் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். உண்மை இதற்கு நேர்மாறானது. கன்று காம்பைச் சப்பும்போது தாயின் உடம்பில் பாலை இறக்கும் சுரப்பு ஊறுகிறது. அதே சுரப்பு கருப்பையையும் சுருங்கச் செய்வதால், நஞ்சு பிரிந்து விழ அது உதவியாகவே இருக்கிறது. நஞ்சு பொதுவாக 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். அதுவரை கன்றைப் பட்டினி போட்டால், குடல் திறந்திருக்கும் நேரத்தில் பாதி வீணாகிப்போகிறது. ஒரு நாள் கடந்தும் விழவில்லையென்றால் மருத்துவரை அழைக்க வேண்டுமே ஒழிய, தொங்கும் கொடியில் கல்லையோ பழஞ்செருப்பையோ கட்டி இழுக்கவிடக் கூடாது. கொடி அறுந்து மிச்சம் உள்ளே தங்கிச் சீழ்பிடித்தால், மாட்டையும் இழக்க நேரிடும்.

கடந்த கார்த்திகையில் எங்கள் தெருக்கோடி வீட்டில் நடந்ததை இங்கே சொன்னால் விளக்கமாக இருக்கும். முதல் ஈற்றுக் கிடேரி அது. நாட்டுச் சிவப்பு மாட்டின் சிறிய உடம்பு. சினைக்குப் போட்டதோ பெரிய உடம்புள்ள வெளிநாட்டுக் கறவை இனத்தின் விந்து. கன்று பெரிதாகிப் பாதி வழியில் சிக்கிக்கொள்ள, இரண்டு பேர் சேர்ந்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது காளைக்கன்று பக்கவாட்டில் தட்டையாகக் கிடந்தது. வீங்கிப்போன நாக்கு நீலம்பாரித்து வாயின் ஓரத்தில் வெளியே தொங்கியது. மூக்கில் சளி நுரைத்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்து இரவு. பனிக்குடத்து நீரில் நனைந்திருந்த உடம்பு காய்வதற்கு முன்பே சில்லிட்டுவிட்டது. நானும் வீட்டுக்காரரும் வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை விரலால் வழித்தெடுத்து, கன்றை நிமிர்த்தி நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, முன்னங்கால்களை மடக்கி, பின்னங்கால்களை இரு பக்கமும் விரித்துவைத்தோம். வைக்கோல் காம்பு ஒன்றை மூக்குத் துவாரத்தில் நுழைத்துக் கிளறியதும் அது தும்மியது. அந்தத் தும்மலோடு நெஞ்சு விரிந்து மூச்சு சீரானது. பிறகு கோணிச்சாக்கால் முதுகையும் விலாவையும் மயிர் எழும்பி நிற்கும்வரை அழுத்தித் தேய்த்தோம்.

இதற்கிடையே வீட்டுப் பெரியம்மா, "நஞ்சு விழட்டும் தம்பி, அதுக்கு முன்னால மடியைத் தொடாதீங்க" என்று தடுத்தார். "பெரியம்மா, கன்னு சப்புனாத்தான் நஞ்சு சீக்கிரம் விழும். விடியிற வரைக்கும் காத்திருந்தா நஞ்சு விழும், கன்னு இருக்காது" என்றேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய், வெந்நீரோடு திரும்பி வந்தார். தாயின் மடியைக் கழுவி, ஒவ்வொரு காம்பிலும் அடைத்திருந்த முதல் பீய்ச்சலைக் கீழே விட்டுவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் கறந்தோம். மஞ்சள் நிறத்தில், தேன் வடிவதைப்போல் இறங்கியது. கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால், வீங்கிய நாக்கால் அதற்குச் சப்ப வரவில்லை. சற்று நேரம் உடம்பைச் சூடாக்கி, தொண்டையை வெளிப்புறமாகத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்த பிறகுதான் நாக்கு மெல்ல வளைந்து விரலைச் சுற்றிக்கொண்டது. அந்த இரவில் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பர் காம்பு மாட்டிய புட்டியில் கொடுத்தோம். விடிந்தபோது அது எழுந்து நின்றது. முன்னங்கால் முட்டி சில நாள் மடங்கியபடியே இருந்து, பிறகு தானாக நிமிர்ந்தது. நஞ்சு காலையிலேயே விழுந்துவிட்டது.

ஆரோக்கியமான கன்று பிறந்த சில நிமிடங்களில் தலையைத் தூக்கும். கால் மணி நேரத்துக்குள் நெஞ்சின்மேல் நிமிர்ந்து உட்காரும். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று மடியைத் தேடும். இந்த வரிசையில் எங்கே தாமதம் தெரிந்தாலும் அது நோஞ்சான் கன்று என்றே எண்ணி, தானாகக் குடிக்கும் என்று காத்திராமல் நாம் கையால் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருப்பது நல்ல அறிகுறி. வெளுத்தோ நீலம்பாரித்தோ இருந்தால் மூச்சுக் குறைவு. வாய்க்குள் விட்ட விரலுக்கு வெதுவெதுப்பு தட்டுப்படாவிட்டால் உடம்பு குளிர்ந்துவிட்டது என்று பொருள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் அதையே மாட்டுக்கென ஒதுக்கி, ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். 101 முதல் 103 பாரன்ஹீட் டிகிரி வரை இருப்பது கன்றுக்கு இயல்பு, 100க்குக் கீழே போனால் சூடாக்கியே ஆக வேண்டும்.

சூடாக்குவது பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் கொசுவுக்காகத் தொழுவத்தில் உமியும் ஈர வைக்கோலும் போட்டுப் புகைமூட்டம் போடும் வழக்கம் கீழ்ப்பர்மாவில் எங்கும் உண்டு. பெரிய மாடுகளுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். மூச்சுக்கே திணறும் பிஞ்சுக் கன்றை அந்தப் புகையின் பக்கத்தில் கிடத்துவது, நுரையீரல் நோயை வலிந்து அழைப்பதாகும். வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியில் சுற்றி விலாப்பக்கம் வைத்து, அடியில் தடிமனாகக் காய்ந்த உமியும் அதன்மேல் வைக்கோலும் பரப்பி, மேலே சாக்கைப் போர்த்தினால் போதும். உடம்பு மிகவும் குளிர்ந்திருந்தால், கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீர்த்தொட்டியில் தலையை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு சற்று நேரம் அமிழ்த்தி எடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை விடாமல் பெய்யும் நம் மழையில், நனைந்த கன்றை நனைந்த தரையில் விட்டால் வெயில் ஊர்க் கன்றும் குளிரில் சாகும்.

எவ்வளவு கொடுப்பது என்றால், முதல் 12 மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போய்ச் சேர வேண்டும்; அதிலும் முதல் ஊட்டு இரண்டு மணி நேரத்துக்குள் நடந்துவிட வேண்டும். 30 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு இது மூன்று லிட்டர், நம் கணக்கில் இரண்டு விசைக்குச் சற்றுக் குறைவு. நாட்டு மாட்டுக் கன்று இதைவிடச் சிறியது. அதற்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். நோஞ்சான் கன்றால் ஒரே மூச்சில் அவ்வளவும் குடிக்க முடியாது. அரை லிட்டர் அரை லிட்டராக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். பால் கன்றின் உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். ஆறிப்போனால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துத்தான் சூடேற்ற வேண்டும். அடுப்பில் வைத்தால் அது திரண்டுவிடும், திரண்டால் எதிர்ப்புப் புரதமும் செத்துவிடும்.

கொடுக்கும் முறையில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். மருந்து புகட்டும் மூங்கில் குழாயை வாய்க்குள் செருகி, கன்றின் முகத்தை வானத்தைப் பார்க்கத் தூக்கி, பாலை மடமடவென்று ஊற்றுவது நம்மவர் தொழுவங்களில் அன்றாடம் காணும் காட்சி. சப்பும் பலம் இல்லாத கன்றுக்கு விழுங்கும் பலமும் இருப்பதில்லை. அப்படி ஊற்றும் பால் மூச்சுக்குழாயில் இறங்கி, இரண்டு மூன்று நாளில் கன்று நுரையீரல் காய்ச்சலில் போய்விடும். சீம்பால் கொடுத்தும் செத்துப்போயிற்றே என்று வீட்டார் சீம்பாலின்மேல் பழி போடுவார்கள். கன்று நெஞ்சின்மேல் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். பால்மடியைத் தேடும்போது எவ்வளவு கழுத்தை நீட்டுமோ அவ்வளவுக்கு மட்டும் தலை உயரலாம். ரப்பர் காம்பின் துளை சிறிதாக இருக்க வேண்டும். புட்டியைக் கவிழ்த்தால் பால் தானாக ஒழுகக் கூடாது. இருமினால் உடனே நிறுத்த வேண்டும். எவ்வளவு முயன்றும் சப்பவே வராத கன்றுக்கு, வயிற்றுக்கு நேராகக் குழாய் செலுத்திப் புகட்டும் முறை இருக்கிறது. அதைக் கால்நடை மருத்துவரோ அவரிடம் கற்றுத் தேர்ந்தவரோதான் செய்ய வேண்டும். குழாய் தடம் மாறி நுரையீரலுக்குள் போய்விட்டால் அதற்குப் பரிகாரம் இல்லை. இரவில் மருத்துவரை வரவழைப்பது இன்றைய நிலையில் எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான், சினை மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவராவது பகல் வேளையில் மருத்துவரிடம் இதைப் பழகி வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

தாய் இறந்துவிட்டாலோ, மடியில் பால் இல்லையென்றாலோ, அதே வட்டாரத்தில் அண்மையில் ஈன்ற வேறு மாட்டின் சீம்பாலைக் கேட்டு வாங்குவதே சிறந்தது. தூக்குவாளியோடு போய் நிற்பதற்கு உண்மையிலேயே தகுந்த சமயம் அதுதான். குளிர்ப்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் சீம்பாலை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம் என்று நூல்கள் சொல்கின்றன. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத நம் ஊரில் அதை நம்பியிருக்க முடியாது. உருகி மறுபடி உறைந்த பாலைக் கன்றுக்குக் கொடுக்கவும் கூடாது. பாலில் முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்து கொடுக்கும் கைவைத்தியம் ஒன்று பரவலாக இருக்கிறது. முட்டை உடம்புக்குப் பலம் தரும், விளக்கெண்ணெய் கருப்பாகப் பிசுபிசுத்த முதல் சாணியை இளக்கி வெளியேற்றும். அவ்வளவுதான். எதிர்ப்புச் சக்தி அதில் சிறிதும் இல்லை என்பதால், சீம்பால் கிடைக்கும் வீட்டில் அதற்குப் பதிலாக இதைக் கொடுப்பது தகாது.

சீம்பாலுக்கு அடுத்து நோய் நுழையும் வாசல் தொப்புள். கொடி தானாக அறுந்திருந்தால் அப்படியே விடலாம். நீளமாகத் தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ, வயிற்றிலிருந்து இரண்டங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, கொதிக்கவைத்த கத்தரியால் வெட்ட வேண்டும். எப்படியானாலும் டிங்சர் அயோடினைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, கொடி முழுதும் நனையும்படி முக்கியெடுக்க வேண்டும். அன்று மாலையும் மறுநாளும் திரும்பச் செய்வது நல்லது. சாணியையோ அடுப்புச் சாம்பலையோ அதன்மேல் அப்பக் கூடாது. அங்கே புகும் கிருமி இரத்தத்தில் கலந்து முட்டிகளில் தங்கி வீங்க வைத்தால், கன்று காலமெல்லாம் நொண்டும்.

முதல் வாரம் தாண்டும்வரை நோஞ்சான் கன்றின் அருகில் ஆள் இருப்பது அவசியம். நாளொன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்குப் பாலை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வெள்ளையாகவோ தண்ணீராகவோ கழிந்தால் பாலை நிறுத்திவிடும் பழக்கம் தவறானது. பட்டினிதான் அதன்பின் கன்றைக் கொல்லும். பால் வேளைகளுக்கு இடையில், குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தை அதே அளவில் கொதித்து ஆறிய நீரில் கரைத்துப் புகட்டலாம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே படியாமல் மடிப்பாகவே நின்றாலோ, கண் குழிவிழுந்தாலோ, எழுந்திருக்க மறுத்தாலோ, வாய்வழி நீர் போதாது. நரம்பில் ஏற்றுவதற்கு மருத்துவரைத் தேட வேண்டும். கன்றுகளைத் தாக்கும் பெரிய உருண்டைப் புழு தாய்ப்பாலின் வழியாகவே வருகிறது. எருமைக் கன்றுகளுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இதற்காகப் பாலைக் குறைக்க வேண்டியதில்லை. பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் எடைக்குத் தக்க அளவில் பைப்பரசின் போன்ற புழு மருந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுத்துவிட்டால், வயிறு உப்பிக் கால் மெலியும் அந்த நிலை வராது.

ஒரே தொழுவத்தில் அடுத்தடுத்துக் கன்றுகள் குறைமாதத்தில் விழுந்தாலோ நோஞ்சானாகவே பிறந்தாலோ, அதை விதியென்று விட்டுவிடக் கூடாது. புரூசெல்லா என்னும் கிருமியால் வரும் தொற்று நோய் இருக்கலாம். அது நஞ்சையும் நீரையும் வெறுங்கையால் தொடும் மனிதரையும் பற்றும். அத்தகைய வீட்டில் கையுறை இல்லாமல் நஞ்சைத் தொடவும் வேண்டாம், பச்சைப் பாலைக் குடிக்கவும் வேண்டாம். டவுன்ஷிப் கால்நடை அலுவலகத்தில் சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வதே முறை.

பெரும்பாலான நோஞ்சான் கன்றுகளுக்குக் காரணம் தாயின் தீனித் தொட்டியில்தான் இருக்கிறது. கருவில் கன்றின் எடையில் பெரும்பகுதி கூடுவது சினையின் கடைசி இரண்டு மூன்று மாதங்களில். அந்த மாதங்களில்தான் பலர் மாட்டைக் கடைசித் துளிவரை கறக்கிறார்கள், வற்றியதும் தவிட்டையும் எள்ளுப்புண்ணாக்கையும் நிறுத்தி வெறும் வைக்கோலுக்கு விட்டுவிடுகிறார்கள். ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தி, தீனியை நிறுத்தாமல் வைத்திருந்தால், கன்றுக்கும் எலும்பு சேரும், மடியில் சீம்பாலும் வீரியமாக ஊறும். முதல் ஈற்றுச் சிறிய கிடேரிக்குப் பெரிய இனத்து விந்து போடுவதை இனியாவது கைவிட வேண்டும். அதிகப் பால் தரும் வாரிசு வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. அதற்குத் தாயின் இடுப்பெலும்பு இடம்கொடுக்க வேண்டுமே. இதைச் சினை ஊசி போட வருபவரிடம் மாட்டுக்காரர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாயின் வயதும் ஈற்றும் அவருக்குத்தான் தெரியும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அந்தச் சமையல் குறிப்பைத் திரும்ப வெளியிடும் வாய்ப்பு வந்தால், முதல் இரண்டு கறவையும் கன்றுக்கு, அது வயிறாரக் குடித்தபின் மூன்றாவது கறவையில் மிஞ்சுவதே திரட்டுக்கு என்ற ஒரு வரியைச் சேர்த்து வெளியிட வேண்டும். மூன்றாவது கறவையிலும் சீம்பால் திரளத்தான் செய்யும். சற்று இளக்கமாக இருக்கும், கூடவே ஒரு முட்டையை அடித்துச் சேர்த்தால் அதுவும் தெரியாது என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். கலப்பின மாட்டில் அந்த அளவு தாராளமாகவே மிஞ்சும். ஒரு வேளைக்கு நாலைந்து விசை கறக்கும் மாட்டின் பாலைக் கன்றால் குடித்துத் தீர்க்க முடியாது. நாட்டு மாட்டில் மிஞ்சுவது அரிது. அந்த வீட்டில் கேட்காமலிருப்பதே நல்லது.

இரண்டாவதாக, மழை தொடங்குவதற்கு முன் தங்கள் இதழில் கன்று பராமரிப்பு பற்றி ஒரு பக்கம் ஒதுக்கி, பெரிய எழுத்தில், வெட்டித் தொழுவத்துத் தூணில் ஒட்டிவைக்கக்கூடிய வகையில் அச்சிட வேண்டும். தமிழ் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து வெளியிட்டால் இன்னும் நல்லது. மாட்டுக் கொட்டிலில் நம்மோடு வேலை செய்யும் பர்மியத் தம்பிகள் பலருக்குத் தமிழ் படிக்க வராது. நம் பிள்ளைகளிலும் கோயில் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்ததோடு நின்றுபோனவர்கள் உண்டு. ஆகையால் அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் பர்மிய மொழியிலும் அதைத் தருவீர்களானால், இரவில் மாடு ஈனும்போது தொழுவத்தில் யார் இருந்தாலும் அவர் கைக்கு அது உதவும். அதை அச்சிடும் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள எங்கள் தெருவில் மாடு வைத்திருப்பவர்கள் முன்வந்திருக்கிறார்கள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கறவை மாடு வளர்ப்பவர் ஒருவர்,
பெகு வட்டாரம், மியன்மார்.